நீள் வகுத்தலின் வட்டார வடிவங்களும் அச்சுக்கோப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

வகுத்தல் என்னும் கணிதச் செயல் உலகெங்கும் ஒன்றே. ஆனால் அதனைத் தாளில் எழுதிக் காட்டும் வடிவம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. வகுத்தி இடப்புறம் நிற்பதும் வலப்புறம் நிற்பதும், ஈவு மேலே ஏறுவதும் பக்கத்தில் அமைவதும், இடைநிலைப் பெருக்கற்பலன் எழுதப்படுவதும் மனத்தில் நிறுத்தப்படுவதும் அவ்வேறுபாடுகளுள் சில. இவ்வடிவங்கள் உருவாகி நிலைபெற்றதில் எழுதுபொருளும் அச்சுத் தொழில்நுட்பமும் கொண்ட பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. மணற்பலகை, தாள், ஈய எழுத்து, கணினி ஆகிய நான்கு நிலைகளில் நீள் வகுத்தலின் வரலாறு பின்தொடரப்படுகிறது. வகுத்தலின் வடிவம் வெறும் அலங்காரம் அன்று. இடமதிப்பைக் காட்டும் கருவி என்பதும், அதனைப் படமாக அன்றிப் பொருளாகக் குறியீடு செய்யவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நீள் வகுத்தல், ஈவு, இடமதிப்பு, அச்சுக்கோப்பு, கணிதக் குறிமொழி, பாடநூல்.

1. முன்னுரை

கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய மூன்றையும் எழுதும் முறையில் நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வலப்புறம் சீராக நிறுத்தி, கீழே ஒரு கோடிட்டு விடையை எழுதுவது ஏறக்குறையப் பொதுவழக்கு. வகுத்தல் அவ்வாறன்று. சென்னையில் பயின்ற மாணவரும் பாரிசில் பயின்ற மாணவரும் பெர்லினில் பயின்ற மாணவரும் ஒரே கணக்கைச் செய்தால், மூன்று தாள்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். விடை மட்டும் ஒன்றாக இருக்கும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் வகுத்தலின் இயல்பிலேயே உள்ளது. பிற செயல்களில் இரண்டு உள்ளீடுகளும் ஒரு விளைவும் உண்டு. வகுத்தலில் வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என நான்கு உறுப்புகள் உள்ளன. இவற்றோடு இடைநிலைப் பெருக்கற்பலன்களும் கழித்தல்களும் சேர்கின்றன. மேலும், பிற செயல்கள் வலக்கோடியிலிருந்து தொடங்க, வகுத்தல் மட்டும் இடக்கோடியிலிருந்து தொடங்குகிறது. இத்தனை உறுப்புகளையும் இருபரிமாணப் பரப்பில் எங்கெங்கு வைப்பது என்னும் வினாவிற்கு ஒரே ஒரு விடை இருக்க வாய்ப்பில்லை.

எளிய எடுத்துக்காட்டாக 7385 என்னும் எண்ணை 24 ஆல் வகுப்பதைக் கொள்ளலாம். 73 இல் 24 மூன்று முறை அடங்கும். 72 போக 1 மிஞ்சும். 8 ஐ இறக்கினால் 18. இதில் 24 அடங்காது, ஆகவே ஈவில் 0. அடுத்து 5 ஐ இறக்கினால் 185. இதில் 24 ஏழு முறை அடங்கும். 168 போக மீதி 17. ஈவு 307. இக்கணக்கின் நடுவே வரும் சுழியம் இக்கட்டுரை முழுவதும் முதன்மை பெறுகிறது. ஏனெனில், வகுத்தலின் வடிவம் எதற்காக என்னும் வினாவிற்கு அச்சுழியமே விடை தருகிறது.

2. மணற்பலகையும் தாளும்

இந்திய மரபில் இடமதிப்பு முறையில் எண்களை எழுதி வகுக்கும் முறை மிகப் பழமையானது. ஸ்ரீதரரின் பாடிகணிதம், வகுத்திக்கும் வகுபடும் எண்ணுக்கும் பொதுக்காரணி இருப்பின் அதனை நீக்கிவிட்டு, வகுபடும் எண்ணின் இலக்கங்களைத் தலைகீழ் வரிசையில், அதாவது மிகுமதிப்பு இலக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக வகுக்கவேண்டும் என்னும் விதியைத் தருகிறது. 'பாடி' என்பது பலகையைக் குறிக்கும் சொல். மண் அல்லது தூள் பரப்பிய பலகையில் எழுதி, கணக்கு நகர நகரத் தேவையற்ற இலக்கங்களை அழித்துப் புதியவற்றை எழுதும் வழக்கத்தை இந்நூற்பெயர் நினைவூட்டுகிறது.

அழித்து எழுதும் பரப்பில் இடைநிலைப் படிகளுக்கு இடம் ஒதுக்கவேண்டியதில்லை. வகுபடும் எண்ணின்கீழ் வகுத்தியை வைத்து, ஒரு படி முடிந்ததும் வகுபடும் எண்ணையே மாற்றி, வகுத்தியை ஓரிடம் வலப்புறம் நகர்த்தினால் போதும். கணக்கு முடிந்தபின் பலகையில் எஞ்சுவன ஈவும் மீதியும் வகுத்தியும் மட்டுமே. செய்த வழி அழிந்துவிடும். ஆகவே, விடை தவறாயின் எங்கே தவறியது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை.

இம்முறை அரபு உலகிற்குச் சென்றபின் ஒரு குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழ்ந்தது. கி.பி. 952 ஐ ஒட்டித் தமாஸ்கசில் இந்தியக் கணக்குமுறை குறித்து நூல் எழுதிய அல்-உக்லிதிசி, தூள்பலகையைக் கைவிட்டுத் தாளிலும் மையிலும் கணக்கிடும் முறைகளை விளக்கினார். தெருவோரம் சோதிடம் சொல்லிப் பிழைப்போரின் கருவியாகத் தூள்பலகை கருதப்பட்டதும் அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. மையால் எழுதியதை எளிதில் அழிக்கவியலாது. ஆகவே எழுதியதை அழியாமல் விட்டுக் கணக்கைத் தொடர்வதற்கான வடிவம் தேவைப்பட்டது. எழுதுபொருள் மாறியபோது கணக்கின் வடிவமும் மாறியாகவேண்டிய நிலை இங்குத் தெளிவாகிறது.

3. கப்பல் வடிவ வகுத்தலும் தொடக்ககால அச்சும்

அழித்தலுக்கு மாற்றாக எழுந்தது அடித்தல். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய 'கேலி' முறையில், பயன்பட்டு முடிந்த இலக்கம் கோடிட்டு அடிக்கப்பட்டு, புதிய இலக்கம் அதன் மேலே எழுதப்படும். மேற்சொன்ன கணக்கில் 73 இன்கீழ் 24 எழுதப்படும். 3 இரு முறை பெருக்கப்படும்: 2 உடன் பெருக்கிய 6 ஐ 7 இலிருந்து கழித்து 1 ஐ 7 இன்மேல் எழுதி, 7 ஐயும் 2 ஐயும் அடிப்பர்; அடுத்து 4 உடன் பெருக்கிய 12 ஐ 13 இலிருந்து கழித்து 1 ஐ 3 இன்மேல் எழுதி, பழைய இலக்கங்களை அடிப்பர். இவ்வாறு கணக்கு மேலும் கீழும் விரிந்து, முடிவில் பாய்மரக் கப்பலின் உருவம் பெறும். 'கேலி' என்பது துடுப்புக் கப்பலைக் குறிக்கும் சொல். அச்சுக்கூடத்தில் கோத்த எழுத்துகளை அடுக்கிவைக்கும் தட்டின் பெயரும் இதே சொல்லே என்பது குறிப்பிடத்தக்கது.

1478 இல் இத்தாலியின் திரெவீசோ நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த கணக்கு நூல், மேலைநாடுகளில் அச்சான கணித நூல்களுள் மிகப் பழையதாக அறியப்படுகிறது. அதில் கப்பல் முறை இடம்பெற்றுள்ளது. கையால் எழுதுவோர்க்கு இலக்கத்தின்மேல் ஒரு கோடிடுவது எளிது. அச்சுக்கோப்பவர்க்கு அது எளிதன்று. அடிக்கப்பட்ட ஒவ்வோர் இலக்கத்திற்கும் தனி அச்செழுத்து வார்க்கவேண்டும். இலக்கங்கள் பத்தாயின் அடித்த இலக்கங்கள் மேலும் பத்து. மேலும், கப்பல் முறையின் முடிந்த உருவம் கணக்கு நிகழ்ந்த வரிசையைக் காட்டுவதில்லை. எந்த இலக்கம் முன்னர் எழுதப்பட்டது, எது பின்னர் எழுதப்பட்டது என்பது அச்சிட்ட பக்கத்தில் புலப்படாது.

1491 இல் பிளாரன்சில் அச்சான பிலிப்போ கலாண்ட்ரியின் கணக்கு நூல், இன்றைய நீள் வகுத்தலை ஒத்த வடிவத்தை முதன்முதலில் அச்சில் தந்த நூலாகக் கருதப்படுகிறது. 1494 இல் வெனிசில் வெளியான லூக்கா பச்சோலியின் பெருநூல் வகுத்தல் முறைகள் பலவற்றை அடுத்தடுத்து விளக்கியது. அவற்றுள் கப்பல் முறையும் உண்டு. 'கொடுத்தல்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட நீள் வகுத்தலும் உண்டு. ஒவ்வொரு கழித்தலுக்குப் பின்னும் மீதியின் வலப்புறம் அடுத்த இலக்கத்தைக் 'கொடுப்பதால்' அப்பெயர். தமிழ்ப் பள்ளிகள் இதே செயலை 'இறக்குதல்' என்கின்றன. இத்தாலியச் சொல் இலக்கம் பெறப்படுவதை நோக்க, தமிழ்ச் சொல் அது பக்கத்தில் நகரும் திசையை நோக்குகிறது.

நீள் வகுத்தல் உடனே வென்றுவிடவில்லை. கப்பல் முறை 17 ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ஐரோப்பாவில் வழக்கில் இருந்தது. அது தாளை மிகக் குறைவாகச் செலவழிக்கும் முறை. எழுதும் இலக்கங்களும் குறைவு. ஆயினும், தாள் மலிவாகி, கணக்கைப் பள்ளிகளில் பலருக்கும் அச்சிட்ட நூல் வழியே கற்பிக்கும் நிலை வந்தபோது, செய்த வழியைச் சரிபார்க்க இடந்தரும் வடிவமே நிலைத்தது. அச்சு ஒன்றே இம்மாற்றத்திற்குக் காரணம் எனல் மிகை. அச்சுக்கு இசையாத வடிவம் பாடநூல் வழியே பரவுவது கடினம் எனலாம்.

4. நிலைபெற்ற வட்டார வடிவங்கள்

இடைநிலைப் படிகளை எழுதிவைக்கும் நீள் வகுத்தல் பொதுவாக ஏற்கப்பட்ட பின்னரும் நான்கு உறுப்புகளின் இடம் ஒருமைப்படவில்லை. இன்று உலகில் வழங்கும் வடிவங்களை நான்கு பெருவகையாகத் தொகுக்கலாம்.

முதலாவது, பிறை வடிவம். மைக்கேல் ஸ்டிஃபெல் 1544 இல் வெளியிட்ட நூலில் வகுத்திக்கும் வகுபடும் எண்ணுக்கும் இடையே பிறை போன்ற வளைகோட்டினைப் பயன்படுத்தினார். ஆங்கிலேயப் பாடநூல்களில் இது 24)7385(307 என்னும் வடிவில் வேரூன்றியது. இடப்பிறைக்கு முன் வகுத்தி, வலப்பிறைக்குப் பின் ஈவு, வகுபடும் எண்ணின்கீழ் படிகள். ஆங்கிலேயக் கல்விமுறை சென்ற இடமெல்லாம் இவ்வடிவமும் சென்றது. இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறையினர் பயின்றதும் இதுவே.

இரண்டாவது, கூரை வடிவம். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பாடநூல்களில், இடப்பிறையோடு வகுபடும் எண்ணின் மேலே ஒரு கிடைக்கோடு சேர்ந்தது. ஈவு வலப்புறத்திலிருந்து அக்கோட்டின் மேலே ஏறியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பிறையும் கோடும் இணைந்து ஒரே குறியாயின. இன்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இதுவே பெருவழக்கு. சப்பானிலும் இதனை ஒத்த வடிவம் வழங்குகிறது.

மூன்றாவது, செங்குத்துக்கோட்டு வடிவம். பிரான்சிலும் பெல்சியம், எசுப்பானியா, இத்தாலி, உருசியா, பிரேசில், வியட்நாம் முதலிய நாடுகளிலும் வகுபடும் எண் இடப்புறமும் வகுத்தி வலப்புறமும் நிற்க, நடுவே செங்குத்துக்கோடு வரையப்படும். வகுத்தியின்கீழ் கிடைக்கோடிட்டு அதன்கீழ் ஈவு எழுதப்படும். பிரெஞ்சுப் பள்ளிகளில் இவ்வடிவத்தின் பெயர் தூக்குமரம் என்னும் பொருளுடைய சொல்லாகும். கோடுகள் இரண்டும் சேர்ந்து தரும் உருவமே அப்பெயருக்கு அடிப்படை.

நான்காவது, சமன்பாட்டு வடிவம். செருமனி, ஆஸ்திரியா, போலந்து, செக் குடியரசு முதலிய நாடுகளில் 7385 : 24 = 307 என ஒரே வரியில் எழுதி, படிகளை வகுபடும் எண்ணின்கீழ் அடுக்குவர். வகுத்தலுக்கு முக்காற்புள்ளியை இலைப்னிட்ஸ் 1684 இல் பயன்படுத்தினார். 1659 இல் சூரிக்கில் வெளியான யோகான் என்ரிக் ரானின் இயற்கணித நூலில் தோன்றிய ÷ குறி ஆங்கிலேய உலகில் பரவ, நடு ஐரோப்பா முக்காற்புள்ளியைக் கைவிடவில்லை. இவற்றோடு நெதர்லாந்தில் 24/7385\307 எனச் சாய்கோடுகளுக்கிடையே எழுதும் வழக்கும் உண்டு.

உறுப்புகளின் இடம் தவிர, எழுதப்படும் படிகளின் அளவிலும் வேறுபாடு உண்டு. எடுத்துக்காட்டுக் கணக்கின் முழு வடிவில் 72, 185, 168, 17 என நான்கு வரிகள் வகுபடும் எண்ணின்கீழ் வரும். எசுப்பானியா, மெக்சிகோ, ஆஸ்திரியா முதலிய நாடுகளில் பெருக்கலும் கழித்தலும் மனத்திலேயே ஒன்றாகச் செய்யப்படும் வழக்கம் உண்டு. ஏழு நான்கு இருபத்தெட்டு. 28 உடன் 7 சேர்ந்தால் 35, கைவசம் 3. ஏழு இரண்டு பதினான்கு, மூன்று பதினேழு. 17 உடன் 1 சேர்ந்தால் 18. ஆக மீதி 17 நேரடியாகக் கிடைக்கிறது. இம்முறையில் 185, 17 என இரண்டு வரிகளே எழுதப்படும். மெக்சிகோவில் கூரை வடிவமும் மனக்கழித்தலும் இணைந்து வருவதிலிருந்து, உறுப்புகளின் இடமும் படிகளின் அளவும் தனித்தனியே பரவியவை என்பது பெறப்படும்.

5. வடிவமும் இடமதிப்பும்

இவ்வடிவங்கள் சமமானவையா என்னும் வினா இங்கு எழுகிறது. விடையைப் பொறுத்தவரை சமமானவை. ஆனால் கற்பவர்க்கு அவை காட்டும் செய்தி வேறு.

கூரை வடிவில் ஈவின் ஒவ்வோர் இலக்கமும் வகுபடும் எண்ணின் உரிய இலக்கத்திற்கு நேர்மேலே அமர்கிறது. 73 இன் வலக்கோடி இலக்கமான 3 இன்மேல் ஈவின் 3. 8 இன்மேல் 0. 5 இன்மேல் 7. சுழியத்தை மறந்தால் 8 இன்மேல் ஓர் இடம் வெறுமையாக நிற்கும். கண்ணே தவறைச் சுட்டிக்காட்டிவிடும். ஈவின் 3 நூறின் இடத்தைச் சேர்ந்தது என்பதும் வடிவத்திலேயே விளங்கும்.

பிறை வடிவிலும் சமன்பாட்டு வடிவிலும் செங்குத்துக்கோட்டு வடிவிலும் ஈவு தனியிடத்தில் எழுதப்படுகிறது. சுழியத்தை மறந்து 37 என எழுதினாலும் வெறுமை எதுவும் தோன்றாது. இவ்வடிவங்களில் பயிலும் மாணவர், ஓர் இலக்கத்தை இறக்கினால் ஈவில் ஓர் இலக்கம் எழுதியாகவேண்டும் என்னும் விதியை நினைவில் நிறுத்தவேண்டியுள்ளது. மறுபுறம், சமன்பாட்டு வடிவம் முழுக் கணக்கையும் ஒரு வாக்கியம்போல இடமிருந்து வலமாகப் படிக்கத் தருகிறது. செங்குத்துக்கோட்டு வடிவில் வகுத்தியும் ஈவும் மேல்கீழாக அடுத்தடுத்து நிற்பதால், அவ்விரண்டையும் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்ப்பது எளிது. ஒவ்வொரு வடிவமும் ஒன்றைப் புலப்படுத்தி மற்றொன்றை மறைக்கிறது.

ஆகவே, வேற்றுநாட்டு வடிவில் எழுதிய மாணவரின் கணக்கைத் தவறு எனக் கொள்வது பொருந்தாது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பெற்றோர் ஒரு வடிவமும் பிள்ளைகள் வேறொரு வடிவமும் அறிந்திருக்கும் நிலை இன்று இயல்பாகிவிட்டது. வலப்புறத்து எண் இந்தியாவில் ஈவு, பிரான்சில் வகுத்தி. வடிவத்தின் இலக்கணம் அறியாதவர் ஒன்றை மற்றொன்றாகப் படிக்க நேரும்.

6. ஈய எழுத்தில் வகுத்தல்

ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டருக்கு நீள் வகுத்தல் உரைநடையைவிடப் பன்மடங்கு உழைப்பு தருவது. உரைநடையில் சொற்களுக்கிடையே இடைவெளி கூடலாம், குறையலாம். வகுத்தலில் ஓர் இலக்கம் அரை இலக்க அகலம் நகர்ந்தாலும் கணக்கே பொருளற்றுப்போகும். இதற்குத் துணையாக இருந்தது இலக்கங்களின் ஒரே சீரான அகலம். வழக்கமான எழுத்துவார்ப்பில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் எழுத்தளவின் பாதி அகலத்தில் வார்க்கப்பட்டன. அதே அகலமுள்ள வெற்றுக் குவாடு ஒன்றை இட்டால் ஓர் இலக்கத்தின் இடம் சரியாக நிரம்பும். வகுத்தலின் ஒவ்வொரு வரியும் இலக்கங்களும் குவாடுகளும் கலந்த வரிசையாகவே கோக்கப்பட்டது.

உண்மையான இடர் கோடுகளில் இருந்தது. ஒவ்வொரு கழித்தலின்கீழும் வரும் குறுங்கோடு வெவ்வேறு நீளமுடையது. வெவ்வேறு இடத்தில் தொடங்குவது. பித்தளைக் கோட்டுத்தகட்டை உரிய நீளத்தில் வெட்டி, இருபுறமும் குவாடுகளால் நிரப்பி, மேலும் கீழும் ஈயத்தகடு இட்டு இறுக்கவேண்டும். இந்நோக்கில் நான்கு வடிவங்களையும் ஒப்பிடுதல் பயன்தரும். பிறை வடிவின் முதல் வரிக்கு வேண்டிய குறிகள் அனைத்தும் எல்லா அச்சுக்கூடங்களின் எழுத்துப்பெட்டியிலும் இருப்பவை. சமன்பாட்டு வடிவும் அத்தகையதே. கூரை வடிவிற்கு வகுபடும் எண்ணின் நீளத்திற்கு ஏற்ப ஒரு கிடைக்கோடு கூடுதலாக வேண்டும். அது பிறையோடு இடைவெளியின்றிச் சேரவும் வேண்டும். செங்குத்துக்கோட்டு வடிவில் பல வரிகளை ஊடறுத்துச் செல்லும் நெடுங்கோட்டைச் சுற்றி வரிகளை இரு பத்திகளாகப் பிரித்துக் கோக்கவேண்டும்.

ஆயினும், செங்குத்துக்கோட்டு வடிவம் இத்தனை உழைப்பையும் கடந்து பல நாடுகளில் நிலைத்தது. எளிதில் அச்சிடத்தக்க வடிவமே எங்கும் வெல்லும் என்னும் முடிவுக்கு இது இடந்தருவதில்லை. பள்ளி மரபு வேரூன்றியபின் அச்சுக்கூடம் அதற்கு இசைந்துகொடுத்தது. வடிவம் உருவாகும் காலத்தில் அச்சு வலிமைமிக்கது. உருவாகிய பின்னர் ஆசிரியரின் பழக்கமே வலிமைமிக்கது.

7. தமிழ்ச் சூழல்

தமிழ் மரபில் வகுத்தல் நெடுங்காலம் பக்கத்தில் அடுக்கப்படும் உருவம் பெறவில்லை. மரபான தமிழ் எண்முறையில் 7385 என்பது ௭௲௩௱௮௰௫ என எழுதப்பட்டது. ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றிற்குத் தனிக் குறிகள் இருப்பதால் நான்கிலக்க எண் ஏழு குறிகளாகிறது. சுழியம் வரவேண்டிய இடத்தில் குறியே இராது. இத்தகைய எழுதுமுறையில் இலக்கத்தின்கீழ் இலக்கம் நிறுத்தும் பத்தி அமைப்புக்கு வாய்ப்பில்லை. ஓலை அகலத்தில் நீண்டு உயரத்தில் குறுகியது. எழுத்தாணியால் கீறியதை அழிக்கவும் இயலாது. எழுதுமுறையும் எழுதுபொருளும் ஒருங்கே அடுக்கு வடிவத்திற்கு எதிராக நின்றன.

அதற்கு ஈடாக நினைவாற்றல் பயிற்றப்பட்டது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியின் வாய்பாடுகள் மனப்பாடமாயின. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் அவற்றுள் அடங்கும். கணக்கதிகாரம் போன்ற நூல்கள் கணக்கின் வழியைச் செய்யுளாகவும் உரையாகவும் கூறின. கூலியைப் பங்கிடுவதும் நெல்லை அளந்து பிரிப்பதும் மனக்கணக்காகவே நிகழ்ந்தன. 'ஈவு' என்னும் சொல்லே ஈதல், பங்கிடுதல் ஆகிய பொருள்களோடு உறவுடையது.

ஆங்கிலேயக் கல்விமுறையோடு கற்பலகையும் இடமதிப்பு இலக்கங்களும் அச்சிட்ட கணக்கு நூல்களும் வந்தபோது பிறை வடிவமும் உடன்வந்தது. தமிழ்க் கலைச்சொற்கள் வடிவத்தைவிட மெதுவாகவே ஒருமைப்பட்டன. வகு எண், வகுத்தி, வகுக்கும் எண் எனப் பல சொற்கள் ஒரே உறுப்பிற்கு வழங்கியுள்ளன. இன்று பாடநூல்களில் பிறை வடிவத்தோடு கூரை வடிவமும் வழங்குகிறது. பல்லுறுப்புக் கோவைகளின் வகுத்தலில் கூரை வடிவம் தெளிவான நன்மை உடையது. ஈவின் ஒவ்வோர் உறுப்பையும் ஒத்த படியுள்ள உறுப்பின்மேல் நிறுத்த அது இடந்தருகிறது.

8. கணினி அச்சுக்கோப்பு

கணினி அச்சுக்கோப்பின் வரலாற்றில் நீள் வகுத்தலுக்கு எதிர்பாராத ஓர் இடமுண்டு. 1977 இல் டொனால்டு குனூத் தம் கணினிநிரல் கலை நூலின் இரண்டாம் தொகுதியினது புதிய பதிப்பின் அச்சுப்படியைக் கண்டு மனநிறைவு கொள்ளாமல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதே இரண்டாம் தொகுதியில்தான் மிக நீண்ட எண்களை வகுப்பதற்கான புகழ்பெற்ற படிமுறையும் இடம்பெற்றுள்ளது. வகுத்தலைக் கணினிக்குக் கற்பித்த நூலே கணிதத்தை அச்சிடக் கணினிக்குக் கற்பித்ததற்கும் காரணமாயிற்று.

டெக் வழியே வகுத்தலை அச்சிடும் கருவிகள் ஈய எழுத்துக் காலத்திலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகின்றன. கம்பாசிட்டர் கொடுக்கப்பட்ட கணக்கைக் கோத்தார். இக்கருவிகள் கணக்கையே செய்கின்றன. பார்பரா பீட்டனும் டொனால்டு ஆர்செனோவும் ஆக்கிய சிறு நிரல், வகுபடும் எண்ணையும் வகுத்தியையும் பெற்று எல்லாப் படிகளையும் தானே கணித்துக் கூரை வடிவில் அடுக்கும். பின்னர் வந்த லாங்டிவிஷன் தொகுப்பு சுழல் தசமங்களை இனங்கண்டு அவற்றின்மேல் கோடிடும். செருமானிய வடிவையும் தரும். பிரான்சில் உருவான எக்ஸ்லாப் தொகுப்பு செங்குத்துக்கோட்டு வடிவைத் தருகிறது. பல்லுறுப்புக் கோவைகளுக்கான பாலினாம் தொகுப்பு மூன்று பாணிகளை வழங்குகிறது. இக்கருவிகளுள் சில அவற்றை ஆக்கியவரின் நாட்டு வடிவையே முதலில் தருகின்றன. வட்டார மரபு நிரலுக்குள்ளும் தொடர்கிறது.

இணையத்திற்கான கணிதக் குறிமொழி வேறொரு வழியை மேற்கொண்டது. 2001 இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு, வகுத்தலின் கூரையை ஓர் உறையாக மட்டுமே தந்தது. 2010 அக்டோபரில் உலகளாவிய வலைச் சங்கம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு, தொடக்கப்பள்ளிக் கணிதத்திற்கெனத் தனி உறுப்புகளைச் சேர்த்தது. அவற்றுள் நீள் வகுத்தலுக்கான உறுப்பு, வகுத்தியை முதலிலும் ஈவை அடுத்தும் வகுபடும் எண்ணையும் படிகளையும் அவற்றின் பின்னும் கொள்கிறது. அவற்றை எங்கு நிறுத்துவது என்பது தனி ஒரு பண்பு. அப்பண்பிற்குப் பத்து மதிப்புகள் வரையறுக்கப்பட்டன. கூரை வடிவம், செங்குத்துக்கோட்டு வடிவின் வகைகள், முக்காற்புள்ளி வடிவம், சாய்கோட்டு வடிவம் ஆகியவற்றோடு இந்தியப் பள்ளிகள் அறிந்த பிறை வடிவமும் அவற்றுள் ஒன்று. மதிப்பு எதுவும் குறிக்கப்படாவிடின் கூரை வடிவமே கொள்ளப்படும்.

இதன் சிறப்பு, பொருளையும் உருவையும் பிரித்ததில் உள்ளது. ஒருமுறை எழுதிய வகுத்தலைப் பண்பு ஒன்றை மட்டும் மாற்றி வேறு நாட்டு வடிவில் காட்டலாம். எது ஈவு, எது வகுத்தி என்பது இடத்தைக்கொண்டு ஊகிக்கப்படாமல் வெளிப்படையாகவே குறிக்கப்படுகிறது. பார்வையற்ற மாணவர்க்கு இது முதன்மையானது. திரைபடிப்பான் படத்தைப் படிக்காது, உறுப்புகளைப் படிக்கும். ஆபிரகாம் நெமத் உருவாக்கிய கணிதப் பிரெயில் குறியீடு வகுத்தலை இருபரிமாண அடுக்காகவே தொட்டறியத் தருகிறது. அவ்வடுக்கைக் கருவி தானே ஆக்கவேண்டுமாயின் பொருள் குறிக்கப்பட்ட மூலம் தேவை.

ஆனால் இவ்வுறுப்புகள் பெருவழக்கில் உள்ள உலாவிகளில் நேரடி ஆதரவு பெறவில்லை. உலாவிகள் அனைத்தும் ஏற்கத்தக்கதாக வகுக்கப்பட்ட கணிதக் குறிமொழியின் கருப்பகுதியிலும் அவை இடம்பெறவில்லை. 2008 இல் யூனிகோடு 5.1 பதிப்பில் சேர்ந்த நீள் வகுத்தல் குறியோ, வகுபடும் எண்ணின் நீளத்திற்கேற்ப நீளாத ஒற்றை எழுத்து மட்டுமே. ஆகவே, மின்பாடநூல்களில் வகுத்தல் பெரும்பாலும் படமாகவோ, இடைவெளிகளால் சீரமைக்கப்பட்ட உரையாகவோ நிற்கிறது. எழுத்துரு மாறினால் பின்னது சிதையும். முன்னது தேடலுக்கும் திரைபடிப்பானுக்கும் எட்டாது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

நீள் வகுத்தலின் வடிவம் எழுதுபொருளோடு மாறிவந்துள்ளது. அழிக்கத்தக்க மணற்பலகை செய்வழியை மறைத்தது. தாள் அதனைக் காத்தது. அச்சு அதனைப் பலருக்கும் ஒரே உருவில் கொண்டுசேர்த்தது.

பிறை, கூரை, செங்குத்துக்கோடு, சமன்பாடு ஆகிய வடிவங்களுள் எதுவும் முழுமையானதன்று. ஈவின் இடமதிப்பைக் கண்ணுக்குக் காட்டுவதில் கூரை வடிவமும், சரிபார்த்தலில் செங்குத்துக்கோட்டு வடிவமும், தொடர்ந்து படிப்பதில் சமன்பாட்டு வடிவமும் மேம்படுகின்றன. பிறை வடிவில் கற்பிக்கும்போது ஈவின் இடைச்சுழியத்திற்குத் தனிக்கவனம் தேவை.

தமிழ்ப் பாடநூல்கள் மின்வடிவம் பெறும் இக்காலத்தில் வகுத்தலைப் படமாக ஒட்டிவிடுவது எளிது. ஆனால் மணற்பலகையில் அழிந்த செய்வழியைப் போலவே, படத்திற்குள் அடைபட்ட செய்வழியும் திரைபடிப்பானை நம்பிக் கற்கும் மாணவர்க்கு இல்லாததாகிவிடுகிறது. வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்னும் நான்கையும் பெயரிட்டுக் குறிக்கும் மூலக்கோப்பு ஒன்று பாதுகாக்கப்படுமாயின், உலாவிகளின் ஆதரவு எவ்வாறு மாறினாலும் அதிலிருந்து எந்த வடிவையும் மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலும். பாடநூல் ஆக்கத்தில் ஈடுபடுவோர் முதலில் செய்யத்தக்க பணி இதுவே.